சுடலைப் பாலத்துச் சிவப்புக் கோடுகள்

போன மாதம் இசக்கியம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த அதே ரயில்வே கேங்கில் இப்போது தண்டவாளப் பாதை பார்க்கிறவள். வந்து உட்காரும் முன்னே செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருங்க அண்ணாச்சி. புதுப் பாலத்துல ஒரு பொட்டி வச்சிருக்காவ. தண்ணி ஏறிச்சின்னா தானா எங்க போனுக்குச் செய்தி வந்துரும். இனிமே மழையில நனைஞ்சுக்கிட்டு சிவப்புக் கோட்டைப் பாக்கப் போவேண்டாம்."

"பொட்டி நனையாதா?"

"நனையாது."

"பொட்டியவே தண்ணி இழுத்துட்டுப் போயிட்டா?"

"அப்ப செய்தி வராது."

"செய்தி வரலைன்னா தண்ணி ஏறலைன்னுல்லா நெனைப்பீங்க?"

அவள் செல்போனை உள்ளே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க மாறவே மாட்டிய. அதுக்குத்தான் வந்தேன். கேங்குல புதுசா சேந்தவங்க சுடலைப் பாலத்துக் கதையக் கேக்காங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாங்க. ஒருத்தன், சாமி வந்து வண்டிய நிறுத்துச்சிங்கான். நீங்களே எழுதிக் குடுத்துருங்க, தொழிற்சங்க மலர்ல போட்டுருவோம்."

எனக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு எட்டாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்வதாகச் சொன்னாள். திருத்துகிறவள் சரியாகத் திருத்துவாளா என்று இப்போது ஒரு கவலை.

நான் பிறவிக் கவலைக்காரன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். "எல்லாருக்கும் வேல செய்யச் சம்பளம், உமக்குக் கவலப்படச் சம்பளம்" என்று என் மனைவி சொல்வாள். அது முழுக்க உண்மை. மண் சுமந்தது, தற்காலிகக் கூலியாக இருந்தது, நிரந்தரமானது, கடப்பாரை பிடித்துக் கை காய்த்தது எல்லாவற்றையும் எழுதினால் எனக்குக் கை வலிக்கும், படிக்கிறவர்களுக்குக் கண் வலிக்கும். மழைக்காலத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பாதை நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போவது. வடக்கே ஆறு. தெற்கே ஒன்றையடுத்து ஒன்றாகக் குளங்கள். குளம் பெருகினால் மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்து, எங்கள் பாதைக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்னப் பாலங்கள் வழியாக நுழைந்து, வயல்களைக் கடந்து ஆற்றுக்குப் போகும். நடுவில் குறுக்கே கிடப்பது எங்கள் மண்கரை. அதன் மேல் சரளைக்கல், அதன் மேல் தண்டவாளம், அதன் மேல் வண்டி, வண்டிக்குள் மொட்டை போட்டுத் திரும்புகிற குடும்பங்கள். இதை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் தூக்கம் வராது. மற்றவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை, தூங்கிவிடுகிறார்கள்.

புரட்டாசியிலேயே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு பாலத்தின் கண்ணிலும் இறங்கி அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, வாரி வெளியே போடுவோம். அதன் வேர் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு பாய் மாதிரி வரும். ஒரு பாய் போதும், பாலத்தின் கண்ணை அடைக்க. மணல் மூட்டை கட்டி அடுக்குவோம். கருங்கல் குவித்து வைப்போம். பிறகு குளக்கரைகளைப் போய்ப் பார்ப்போம். குளம் எங்களுடையதில்லை. ஆனால் அது உடைந்தால் எங்கள் பாதை போகும். அதனால் கரையில் நண்டு வளை இருக்கிறதா, மரத்து வேர் பிளந்திருக்கிறதா என்று பார்த்து மேலே சொல்ல வேண்டும். நிறைந்த குளத்தைப் பார்த்து ஊர்க்காரர், பிசான நெல்லுக்குத் தண்ணி ஆச்சு என்று மீசையைத் தடவுவார். பக்கத்தில் நிற்கிற நான் கரையில் கசிவு தேடுவேன்.

எல்லாம் முடிந்த பிறகு பாலத்துச் சுவரில் சிவப்புக் கோடு போடுவோம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டியை விடக்கூடாது. மழை பிடித்ததும் எங்களில் ஒருவர் ஒரு துண்டுப் பாதையை நடந்துகொண்டே இருக்க வேண்டும். கையில் ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி, விசில், தகர டப்பாவில் ரயில் பட்டாசு. பட்டாசு என்றால் தீபாவளி வெடி இல்லை. தண்டவாளத்தில் கட்டிவிட்டால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும், டிரைவர் சத்தம் கேட்டு நிறுத்துவார். ஆபத்து இருக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் காவல் வேண்டும். ஆள் ஒருவனாக இருந்தால், வண்டி வர வேண்டிய பக்கம் முதலில் ஓடு. அங்கே பட்டாசைக் கட்டிவிட்டுத் திரும்பி மறுபக்கம் ஓடு. இதுதான் விதி.

இந்த விதியை எனக்குள் ஏற்றியவர் ரயில் பாதை இன்ஸ்பெக்டர் தேவசகாயம். மெலிந்த உடம்பு, பெரிய குடை. அந்தக் குடையை அவர் தனக்குப் பிடித்து நான் பார்த்ததில்லை. பாலத்தின் அடியில் குனிந்து பார்க்கும்போது எங்கள் தலைக்குப் பிடிப்பார். கத்த மாட்டார். தப்பு செய்தவனிடம், "இப்ப என்ன நடந்துச்சின்னு எனக்குச் சொல்லு" என்பார். சொல்லிக்கொண்டு வரும்போதே நமக்குத் தெரிந்துவிடும், எங்கே தவறினோம் என்று. அவர் "ஆமா" என்று மட்டும் சொல்வார்.

"சந்தேகம்னா நிறுத்து." இது அவருடைய ஒரே பாடம்.

எனக்கு எந்நேரமும் சந்தேகம்தானே? அதில்தான் நான் மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகாத ஒரு ஐப்பசியில், சுடலைப் பாலத்துக்குப் பக்கத்தில் கரையோரம் வெள்ளை வெள்ளையாக ஏதோ பொங்கி வருவதைப் பார்த்தேன். சரளைக்கல் அரித்துத் தண்ணீர் கொதித்துக்கொண்டு மேலே வருகிறது என்று நினைத்து, ஓடிப்போய்ப் பட்டாசு கட்டி, கொடி பிடித்து, காலை வண்டியை நிறுத்திவிட்டேன். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். அது நுரை. மறுகால் விழுகிற இடத்தில் கிளம்பி, காற்றில் ஒதுங்கி, கரையோரம் சேர்ந்திருந்த வெறும் நுரை.

"நொரைக்கு வண்டிய நிறுத்துன ஆளு இந்திய ரயில்வேயிலேயே நீரு ஒருத்தர்தான் வே" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிப் போனார். அன்றிலிருந்து என் பெயர் நொரை. கேங்கில் நொரை, ஸ்டேஷனில் நொரை, டீக்கடையில் மரியாதையாக நொரை அண்ணாச்சி.

தேவசகாயம் ஐயா மறுநாள் தூறலில் வந்தார். சுடலைப் பாலத்தை ஒட்டிச் சுடலைமாடனுக்கு ஒரு பீடம் உண்டு, அதனால்தான் அந்தப் பெயர். ஐயா கிறிஸ்தவர், வேதக்கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் பீடத்துப் பக்கம் இறங்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டார். கரையோரம் குனிந்து இரண்டு கையாலும் நுரையை அள்ளி, ஊதிப் பார்த்தார். அது பறந்து என் சட்டையில் ஒட்டியது.

"பயந்தியா?"

"ஆமாய்யா."

"பயந்தவன் வீட்டுக்கு ஓடுவான். நீ வண்டியப் பாத்து ஓடியிருக்க. அது போதும்." பிறகு என் தோளைப் பிடித்துப் பாலத்தின் இரண்டு பக்கமும் நடத்தினார். "நொரையப் பாக்காத. உள்ள போற தண்ணி என்ன நெறம், வெளிய வாற தண்ணி என்ன நெறம்னு பாரு. ரெண்டும் ஒண்ணுன்னா கரை இருக்கு. வாறது கூடக் கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம்."

பெயர் மட்டும் போகவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம், அதன் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் கூடவே இன்னொரு சந்தேகமும் வந்தது: இதுவும் நுரையோ?

பல வருஷம் கழித்து, நான் சொல்ல வந்த அந்த மழை வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. ஆவணியில் நடக்க வேண்டியது, ஊரில் ஒரு சாவு விழுந்து துஷ்டி வந்ததால் தள்ளித் தள்ளி, கார்த்திகைக் கடைசிக்குப் போய்விட்டது. கொடைக்குப் பீடத்துக்கு வெள்ளையடித்தவர்கள், மீதி இருந்ததை வைத்து, பக்கத்தில் இருந்த எங்கள் பாலத்துச் சுவருக்கும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துவிட்டார்கள். சாமி இருக்கிற இடம் அழுக்காக இருக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். கோயில் மதிலுக்கு அடிக்கிற மாதிரி நிறுத்தி அடித்திருந்தால் எனக்குக் கவலை இல்லை. ஏணி இல்லாமல் குனிந்து இழுத்தவர்கள், படுக்கப் போட்டு இழுத்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு, வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு, வெள்ளைக் கோடு. எங்கள் கோடு எது என்று தெரியவில்லை. காவி என்றால் ஒரு மழையில் கரைந்து எங்கள் கோடு வெளியே வந்திருக்கும். பம்பாயில் கடை வைத்திருக்கிற ஊர்க்காரர் ஒருவர் சாமிக்கு மட்டமானதைக் கொடுக்கலாமா என்று நல்ல ஆயில் பெயிண்டாகவே வாங்கிக் கொடுத்திருந்தார்.

அந்தப் பட்டையை முன்னின்று அடித்தவர் சுடலைமுத்து அண்ணாச்சி. சுடலைக்குக் கோமரத்தாடி, அதாவது கொடையில் சாமி வந்து ஆடுகிறவர். மற்ற நாளில் வயல் வேலை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நல்ல உயரம், நல்ல குரல். நான் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதுல எங்க கோடு எது?"

"எல்லாம் சாமி கோடு வே."

"அது சரி. ரயில்வே கோடு ஒண்ணு இருந்துச்சில்லா?"

அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "நடுவால எங்கயோ இருந்துச்சி. இல்ல, கொஞ்சம் மேல. நான் என்ன அளந்தா அடிச்சேன்?"

"அழிச்சுட்டுப் புதுசாப் போடட்டா?"

"கொடை முடிஞ்சு எட்டாம் பூசை கழியாம இங்கன ஒரு பொருளத் தொடப்பிடாது. கழியட்டும், நானே வந்து சுரண்டித் தாரேன். நொரைக்கு என்ன இம்புட்டு அவசரம்?"

எங்கள் கேங் மேட், அதாவது மேஸ்திரி, போனில் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, போனை என்னிடம் கொடுத்தார். தேவசகாயம் ஐயா கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். "எட்டாம் பூசை கழியட்டும். ஊர்க்காரங்க மனசு கோணக்கூடாது. நானே வந்து அளந்து போடுதேன். அது வரைக்கும் அடியில இருக்கிற சிவப்புதான் நம்ம கோடுன்னு வச்சிக்கோ."

"ஐயா, அது ரொம்பக் கீழ இருக்கு. சாதாரண மறுகாலுக்கே தொட்டுரும்."

"எது நம்ம கோடுன்னு தெரியாதப்ப, அடிக்கோடுதான் நம்ம கோடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டாம் பூசைக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மழையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சாரலும் பார்த்திருக்கிறேன், அடைமழையும் பார்த்திருக்கிறேன். இது அந்தக் கணக்கில் இல்லை. துளி என்று ஒன்று இல்லை. வானத்துக்கும் தரைக்கும் இடையில் இருந்த இடத்தை எடுத்துவிட்டு அங்கே தண்ணீரை வைத்த மாதிரி இருந்தது. மூச்சு விட முகத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மலையில் பெய்தால்தான் ஆற்றில் வெள்ளம் வரும் என்று நாங்கள் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருப்போம். அன்று சமவெளியிலேயே, எங்கள் தலைமேலேயே கொட்டியது. வயல் தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, பனைகள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஆட்களைப் போல நின்றன. இத்தனை வருஷம் நான் பயந்த பயமெல்லாம் எவ்வளவு சின்னது என்று அன்று தெரிந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை, கை கூப்பத்தான் தோன்றியது.

அன்று காலை என் நடை. செல்போனில் சிக்னல் போய்விட்டிருந்தது. திருச்செந்தூரிலிருந்து ஒரு பாசஞ்சர் வர வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. சுடலைப் பாலத்துக்கு வந்தபோது அங்கே சுடலைமுத்து அண்ணாச்சி நின்றார். ஊரார் எல்லோரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சாமியாடும்போது உடுத்தும் கச்சை, பட்டு, மணி வைத்த சல்லடம் எல்லாம் இருக்கும் பெட்டியை எடுக்க வந்திருக்கிறார். பெட்டி தலையில் இருந்தது. மழையில் சல்லடத்து மணிகள் உள்ளே குலுங்கிக்கொண்டிருந்தன.

நான் சுவரைப் பார்த்தேன். தண்ணீர் அடிக்கோட்டைத் தொட்டு, விட்டு, தொட்டு, விட்டுப் போனது.

"தொட்டுட்டு அண்ணாச்சி."

"எது?"

"கோடு."

அவர் எட்டிப் பார்த்தார். "வே, இது அடிப் பட்டை. இதுக்கு மேல எம்புட்டுப் பட்டை கெடக்கு! உம்ம கோடு எங்கயோ மேலல்லா இருக்கு. இதுக்கா வண்டிய நிறுத்தப்போறேரு?"

அவர் சொன்னது சரி. அந்த உயரத்துத் தண்ணீரைத் தாண்டி நூறு தடவை வண்டி போயிருக்கிறது. நான் ஓடி மறுபக்கம் வெளியே வரும் தண்ணீரைப் பார்த்தேன். உள்ளே போகிற நிறம்தான். கரை கரையவில்லை. தெற்கே குளம் இருக்கும் திசையைப் பார்த்தேன், மழைதான் தெரிந்தது. குளத்துக்கரை எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்க வழியில்லை. நிறுத்திவிட்டு ஒன்றும் ஆகாவிட்டால், ஒரு வண்டி ஆட்களை இந்த மழையில் வயல் நடுவே நிறுத்தி வைத்தவன் ஆவேன். இந்த முறை சிரிக்க மட்டும் மாட்டார்கள். நிறுத்தாமல் ஏதாவது ஆகிவிட்டால்?

சுடலைமுத்து அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ தெரியவில்லை. பெட்டியை இறக்கினார். "சரி, என்ன செய்யணும், சொல்லும்."

"ரெண்டு பக்கமும் காவல் வேணும். நான் ஒத்தைக்கு நிக்கேன். கிழக்க நான் போறேன், வண்டி வாற பக்கம். மேக்க நீங்க போயி, டிராலியோ இஞ்சினோ எது வந்தாலும் நிறுத்தணும். சிவப்புக் கொடி ஒண்ணுதான் இருக்கு."

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து சாமியின் சிவப்புப் பட்டுத் துணியை எடுத்தார். கொடை அன்று இடுப்பில் கட்டி ஆடிய பட்டு. கண்ணில் ஒற்றிக்கொண்டு, உதறி, பீடத்தில் நட்டிருந்த வல்லயத்தை, சாமியின் ஈட்டிக்கம்பை, பிடுங்கி அதில் கட்டினார்.

"இது போதுமா?"

"போதும். நான் வந்து சொல்லுற வரைக்கும் நகராதீங்க."

"அதெல்லாம் நீரு சொல்லவேண்டாம். பைய போவும், வழுக்கும்."

அவர் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேற்கே நடந்தார். நான் கிழக்கே ஓடினேன். சிலிப்பர் கட்டை மேல் கால் வைத்து ஓட முடியாது, சரளைமேல் ஓடினால் சரியும். விழுந்து எழுந்து, போக வேண்டிய தூரம் போய், பட்டாசை எடுத்துக் கட்டினேன். விரல் விறைத்திருந்தது. கட்டி முடித்து இன்னும் கொஞ்சம் முன்னால் போய்க் கொடியை விரித்து நின்றபோது, வெகுதூரத்தில் மழைக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது.

வண்டி மெதுவாகத்தான் வந்தது. என்னைத் தாண்டிப் போனது. கொடி தெரியவில்லை போலிருக்கிறது. பட்டாசு வெடித்தது. அத்தனை மழையிலும் அந்தச் சத்தம் என் நெஞ்சில் கேட்டது. வண்டி முனகிக்கொண்டு நின்றது. நான் இஞ்சின் வரை ஓடினேன்.

டிரைவர் தலையை நீட்டினார். எனக்கு முன்பின் தெரியாதவர். "என்னய்யா?"

"பாலத்துல தண்ணி ஏறுது சார்."

"எம்புட்டு?"

அடிக்கோடு என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? "தொட்டுட்டு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் சட்டையில் இருந்த கேங் எண்ணைப் பார்த்தார், பிறகு முகத்தை. "நீரு அந்த நொரைதான?"

"ஆமா சார்."

"ஏன் வே, இன்னிக்கும் நொரையா?"

ஒரு பெட்டியின் ஜன்னல் திறந்து, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். "தம்பி, எம்புட்டு நேரம் நிக்கும்? இங்கன டீ ஏதும் கெடைக்குமா?"

நான் பதில் சொல்லுமுன் அது கேட்டது. சத்தம் என்று சொல்ல முடியாது. காலுக்கடியில் சரளைக்கல் நடுங்கியது. பிறகு தெற்கேயிருந்து, பெரிய சாமான் வண்டி ஒன்று பாலத்தின் மேல் ஏறுவது போன்ற உறுமல். ஆனால் அந்தப் பக்கம் பாதையே கிடையாது. டிரைவர் கீழே குதித்தார். இருவரும் பாதையில் முன்னால் ஓடினோம்.

குளம் உடைந்திருந்தது. குளம் முழுவதும் எழுந்து நடந்து வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். நிறம் செம்மண், உயரம் ஒரு ஆள், அகலம் கண்ணுக்கு எட்டவில்லை. முன்னால் வேலிமுள், வைக்கோல் படப்பு, யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அவசரமே இல்லாமல் வந்தது. எங்கள் மண்கரையில் வந்து முட்டி நின்றது. ஏறியது. சுவரில் ஒவ்வொரு பட்டையாக மறைந்தது. எங்கள் கோடு எதுவோ, அதுவும் அதில் மறைந்திருக்கும். கடைசிச் சிவப்பு போனதும் தண்ணீர் தண்டவாளத்தின் மேலே வழிய ஆரம்பித்தது. பிறகு பாலம் போனது. பாலத்துக்கு இருபக்கமும் கரை போனது. நாங்கள் வருஷா வருஷம் அடுக்கிய மூட்டைகள், குவித்த கருங்கல், எல்லாம் சீனி மாதிரி கரைந்து போயின.

தண்டவாளம் மட்டும் போகவில்லை. இரண்டு கம்பியும் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி அந்தரத்தில் தொங்கின. அதற்கு அடியில் ஒரு ஆறு. அந்த ஆறு காலையில் அங்கே இல்லை.

டிரைவர் என் தோளில் கையை வைத்தார். நிஜமான கோட்டைத் தண்ணீர் தொட்ட பிறகு ஓடியிருந்தால், பட்டாசைக் கட்ட எனக்கு நேரமே இருந்திருக்காது. அதை நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் கணக்குப் போட்டோம் என்று நினைக்கிறேன். திரும்பி நடக்கும்போது அவர் கேட்டார்: "எந்தக் கோட்டைத் தொட்டப்ப நீரு ஓடி வந்தேரு?"

"சாமி கோட்டை" என்றேன். எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. கேங்கில் யாரோ சொல்கிற கதை அங்கே இருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

வண்டி பின்னாலேயே தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனது. கார்டு தன்னிடம் இருந்த வாக்கிடாக்கியில் தகவல் சொன்னார். இரண்டு பக்க ஸ்டேஷனிலும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். டீ கேட்ட அம்மாள் போகும்போது கையை ஆட்டினார். அவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நான் உடைப்புக்குத் திரும்பினேன். மேலதிகாரி வரும்வரை அந்த இடத்தைவிட்டுப் போகக் கூடாது. மழை கொஞ்சம் கண் திறந்திருந்தது. அப்போதுதான் எதிர்க்கரையில், உடைப்புக்கு மேற்கே, தண்டவாளத்தின் நடுவில் ஒரு சிவப்பு தெரிந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நான் நிற்கச் சொன்னபடியே. எங்களுக்கு நடுவே அந்த ஆறு.

பிறகு ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மனைவியும் தம்பியும் மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து தேடிவந்து கூப்பிட்டிருக்கிறார்கள். "வெள்ளம் வந்த ஊருல கொடியப் பிடிச்சிக்கிட்டு நிக்கேரே, உமக்கென்ன ரயில்வேக்காரன் சம்பளமா தாரான்?" என்று அந்த அம்மா கத்தியிருக்கிறார். "நொரை நிக்கச் சொன்னாரு. அவரு வந்து சொல்லட்டும், வாரேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். பாலம் போயிட்டே, எந்த வண்டி வரும் என்று தம்பி கேட்டதற்கு, "அது எனக்கெப்படித் தெரியும்? அது அவருக்குல்லா தெரியும்" என்றாராம்.

மறுநாள் தேவசகாயம் ஐயா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உடைப்பின் விளிம்பு வரை நடந்து வந்து, தொங்குகிற தண்டவாளத்தையும் பீடம் இருந்த இடத்தையும் வெகுநேரம் பார்த்தார். "இப்ப என்ன நடந்துச்சின்னு எனக்குச் சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல, "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதை நான் அவரிடம் சொன்னபோதும் சரி, அதன் பிறகு யாரிடம் சொன்னபோதும் சரி, ஒரு இடத்தை மட்டும் நான் இரண்டு தடவை சொல்வேன். குளம் வந்த இடம் இல்லை அது.

வண்டி திரும்பிவிட்டது, பாதையைப் பூட்டியாகிவிட்டது, இனி யாரும் நிற்க வேண்டியதில்லை என்று அன்று எதிர்க்கரையில் நின்ற சுடலைமுத்து அண்ணாச்சிக்கு நான் சொல்லியாக வேண்டியிருந்தது. கத்தினேன். தண்ணீர் என் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. விசில் ஊதினேன். அவர் பட்டுக் கொடியை இன்னும் உயர்த்திப் பிடித்தார். போங்க என்று கையை வீசினேன். ஆபத்து என்று சொல்கிறேன் என நினைத்திருப்பார். காலை அகட்டி ஊன்றி நின்றார். என்னிடம் இன்னும் ஒன்றுதான் இருந்தது. இடுப்பில் பச்சைக் கொடி. அதைக் காட்டினால் அவருக்கு உடனே புரிந்துவிடும். எடுத்து, பாதி விரித்துவிட்டேன்.

பச்சை காட்டினால் பாதை நன்றாக இருக்கிறது, வரலாம் என்று அர்த்தம். முன்னால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது. இத்தனை வருஷத்தில் அந்தக் கொடியால் நான் பொய் சொன்னதில்லை. பார்க்க அவர் ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் கை மேலே போகவில்லை.

கொடியைச் சுருட்டி மறுபடியும் இடுப்பில் செருகினேன். அவர் பார்க்கும்படி, தண்டவாளத்தின் ஓரம், ஈரச் சரளையின் மேல் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன்.

அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு அவரும் பைய உட்கார்ந்தார். பட்டுக் கொடியை மட்டும் இறக்கவில்லை.

இருட்டுகிற வரை அந்தத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.